எதிர்பார்க்கப்படும் ஆயுள்

டுலூத் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி
கரையோரம் மட்டும் உறைந்திருக்கிறது.
அதற்கப்பால் ஒரு தாதுக் கப்பல்
உள்ளே வரலாமா என்று நிற்கிறது.

நான் இன்னும் எத்தனை காலம் இருப்பேன் என்பதில்
இன்று காலை இரண்டு கருத்துகள்.

கம்பெனி அழைத்துவந்த டாக்டர் மோரிசெட்
நல்ல மனிதர். என் நாற்காலி நுழையும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
இருபத்திரண்டு ஆண்டு என்கிறார்.
சிறுநீரகம், படுக்கைப்புண், நெஞ்சுச் சளி
என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார்.
ஜூரியில் பச்சை ஸ்வெட்டர் போட்ட அம்மாள்
மடங்கிய விரல்களையே பார்த்திருந்தாள்.

என் வக்கீல் இங்கிரிட் எழுந்தாள்.
ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு.
முப்பத்தெட்டு, என்றாள், ஒரு நாள் குறையாது!
எந்தப் பாதிரியும் எனக்காக
இத்தனை தீர்க்காயுசு கேட்டு மன்றாடியதில்லை.

பிறகு கணக்கு.
நாளைக்கு ஆறு சிறுநீர்க் குழாய் என்றால்
எண்பத்து மூவாயிரத்து இருநூற்று இருபது.
ஐந்தாண்டுக்கு ஒரு சக்கர நாற்காலி என்றால்
ஏழு நாற்காலியும் அரைக்குக் கொஞ்சம் மேலும்.
அந்த அரை நாற்காலியில் எப்படி உட்காருவது
என்று மார்லிஸிடம் முணுமுணுத்தேன்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
தொடையில் கிள்ளினாள், பழைய பழக்கம்.
கிள்ளியதை நான் பார்த்தேன்.
பார்த்ததை அவள் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் ஏணி வந்தது, போட்டோவாக.
பதினோராம் படி துருவேறியிருக்கிறது என்று
மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்த சீட்டும் வந்தது.
எழுதியது நான்தான். ஒப்பந்தப் பெயிண்டர்,
ஏணி அவர்களுடையது.

தெரிந்தும் ஏன் ஏறினீர்கள், மிஸ்டர் கெட்டுனென்?

மேலே வேலை இருந்தது.

வேறு பதில் இருக்கும் என்று
அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.
விழுந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
விழும்போது பிரஷ்ஷை விடவில்லை நான்,
அதைச் சொல்ல நினைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு நடைவழியில்
மடித்த மஞ்சள் காகிதம் ஒன்று தந்தாள் இங்கிரிட்.
அவர்கள் தரும் தொகை.
மார்லிஸ் பில்லின் பின்பக்கத்தில்
வருடச் செலவால் அதை வகுத்துப் பார்த்தாள்.
இருபத்தொன்பது ஆண்டுக்கு வருகிறது, என்றாள்.
குறைவு.

எனக்கு நாற்பத்து நான்கு.
கூட்டினால் எழுபத்து மூன்று.
அப்பா அறுபத்தெட்டில் போனார்,
இரண்டு காலும் நன்றாக இருந்து,
பனி வாரும்போது.

யோசிக்க நாளை காலை பத்து வரை நேரமாம்.
வேனில் ஏறினோம். பாலத்தைத் தூக்கிவிட்டார்கள்,
அந்தக் கப்பல்தான்.
இஞ்சினை அணைத்தாள் மார்லிஸ்.

இரவு இரண்டுக்கும் ஐந்துக்கும்
அலாரம் அடிக்கும், புண் வராமலிருக்க.
நானே புரண்டுகொள்வேன், கைகளுக்கு ஒன்றும் இல்லை.
அவளும் விழித்துக்கொள்வாள்,
தேவையில்லாமல்.