ஏழாவது ஷரத்து

கேள்வி பதினான்கு:
எதிர்த் தரப்பினரை எந்த அளவு நம்புகிறீர்கள்?
ஒன்று, சிறிதும் இல்லை. ஐந்து, முழுமையாக.
வேலம்பட்டில் முதல் நாளே
இந்தக் கேள்வி கெட்டுப்போனது.
"எதிர்த் தரப்புன்னா இன்னா,
ரோட்டுக்கு எதிர்லயா?" என்றாள் தெபோராள்.
"எதிர்ல டிரான்ஸ்பார்மர்தான் கீது."

டிரான்ஸ்பார்மரை நான் குறித்துக்கொள்ளவில்லை.
குறித்திருக்கலாம்.
கலவரத்தன்று முதலில் அணைத்தது அதைத்தான்.

ஆறு வருடம் ஆகிறது.
இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை.
ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள்.
ஷூ கம்பெனி வேன் மட்டும்
முந்நூறு மீட்டருக்குள் இரண்டு இடத்தில் நிற்கிறது.
ஓட்டுநரைக் கேட்டேன்.
"டீசல் கம்பெனிது, எனக்கு இன்னா?"
உள்ளே ஒரே வரிசையில் தையல்,
இவள் இடது காலுக்கு மேல்தோல் தைக்க
அவள் வலது காலுக்கு.
நல்ல உவமை என்று நோட்டில் எழுதி
பிறகு அடித்துவிட்டேன்.
ஜெர்மனியில் யாரோ போட்டு நடப்பார்கள்,
இவர்களுக்கு அதில் என்ன.

நெறியாளர் சென்னையிலிருந்து எழுதுகிறார்:
அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் வேறுபாடு காட்டு.
அயர்லாந்தை ஒப்பிடு. ருவாண்டாவை ஒப்பிடு.
சுவர் எழுப்பிய ஊர்களையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்தேன்.
இங்கே சுவர் இல்லை.
மாவு மிஷின் வரைக்கும் ஒன்று,
அதற்கு அப்பால் இன்னொன்று.
கேட்டால் "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று
இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.
ஒத்த கருத்து, நூறு சதவீதம்.

என்னையும் கேட்டார்கள். நேராக இல்லை.
"சொந்த ஊரு?"
"ஆரணி."
"ஆரணில எந்தப் பக்கம்?"
"கோட்டைக்கு அந்தாண்ட."
"அந்தாண்டன்னா, யாரு ஊட்டுக்குப் பக்கத்துல?"
நான் சொல்லி முடிக்கும்வரை
வசந்தகோகிலம் காபி டம்ளரைத்
தன் கையிலேயே வைத்திருந்தாள்.
அதற்கு என் கேள்வித்தாளில் எண் இல்லை.

தாலுகா ஆபீசில் சமாதான ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தது.
பதினொரு ஷரத்து.
இருபத்திரண்டு கையெழுத்து, மூன்று கைநாட்டு.
ஏழாவது:
இடுகாட்டுப் பாதை எட்டடி அகலத்துக்கு விடப்படும்.

வெயில் தாழ டேப்போடு போனேன்.
பாலாற்று மணலுக்கு இறங்குகிற பாதை.
காற்றில் தோல் ஷாப் வாடை.
ஒரு பக்கம் கருவேலம்,
மறு பக்கம் கல் தூண் நட்டுப் புதுக் கம்பி.
தனி ஆளாய் அளப்பது கஷ்டம்.
ஒரு முனையைக் கல்லால் அமுக்கிவிட்டு
மறு முனைக்கு நடப்பதற்குள்
சரக்கென்று சுருண்டு கைக்கே வந்துவிடுகிறது.
மூன்று தடவை.

நான்காவது தடவை வரவில்லை.
துளசிங்கம் குந்தி உட்கார்ந்து
கட்டை விரலால் அமுக்கியிருந்தார்.
கையெழுத்துகளில் பன்னிரண்டாவது அவருடையது.
வேலியும் அவருடையதுதான்.

"எவ்ளோ வர்து?"
"அஞ்சே காலடி."
"சரியா இயுத்துப் புடி. தொங்குது பாரு."
இழுத்துப் பிடித்தேன்.
"அஞ்சடி."

ஒன்றும் பேசவில்லை.
விரலை எடுக்கவும் இல்லை.
பிறகு, "எங்கப்பாரு இருக்க சொல்லோ
இதுல ஜோடி மாட்டு வண்டி போவும்.
எயுதிக்கோ. எம் பேரு வேணாம்."

ஆகவே துளசிங்கம் என்பது நான் வைத்த பெயர்.

ஆய்வேட்டில் இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது?
மாதிரி அளவு என்ன என்பார் நெறியாளர்.
ஒருவர்.
மனமாற்றம் என்று எழுதலாமா?
மறுநாள் போய்ப் பார்த்தேன், அதற்கு மறுநாளும்.
ஒரு தூண்கூட நகரவில்லை.
பதினான்காம் கேள்விக்கு
அவர் போட்டுக் கொடுத்ததும் இரண்டுதான்.

தெபோராளிடம் அளவை மட்டும் சொன்னேன்.
"அஞ்சடின்னு எங்க தோளுக்குத் தெரியாதா?
தூக்கினு திரும்ப சொல்லோ
ஒருத்தனுக்காவது கம்பி கீச்சிரும்."
தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.
"ஆமா, அந்தண்ட முனைய யாரு புடிச்சது?"

பதில்கள் இரகசியமாக வைக்கப்படும் என்று
அவளுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"கல்லு" என்றேன்.

என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள்.
"அந்த மண்ணுல
கல்லு நிக்காதே" என்றாள்.