கிழக்கு மூலை

அண்ணா,
நீ கேட்ட படம் அனுப்பியிருக்கிறன்.
ஓரத்திலை தெரியிறது என்ரை விரல்.
மற்றதெல்லாம் கல்லு.

திட்டத்திலை கிடைச்ச வீட்டுக்குப் பின்னாலை
ஒரு அறை, ஒட்டினபடி குளியலறை,
பதினொண்டுக்குப் பன்னிரண்டு.
கொப்பி ஒற்றையிலை கீறினது யதுசா.
கதவு எந்தப் பக்கம் திறக்குமெண்டு
வட்டத்தின்ரை கால்வாசியும் போட்டிருக்கிறாள்.

மேசன் சத்தியரூபன் திங்கள் வாறன் எண்டவர்.
எந்தத் திங்கள் எண்டு சொல்லேல்லை.
மூண்டாவது திங்கள் வந்து
நூலிலை குண்டைத் தொங்கவிட்டுப்
பழைய சுவரைக் கனநேரம் பாத்து
"அரை இஞ்சி சரிவு தங்கச்சி" எண்டார்.
எட்டு வருசமா இதுக்குள்ளை
நேராத்தான் நிக்கிறம் எண்டு நினைச்சிருந்தம்.

மணலுக்கு பெர்மிட் கிடைக்கேல்லை.
விடிய மூண்டு மணிக்கு, லைற் போடாமல்,
நெத்தலியாத்துப் பக்கத்தாலை ஒரு டிரக்டர்
வந்து கொட்டிப்போட்டுப் போட்டுது.
பில் எங்கை எண்டு கேட்டாய்.
மணலுக்குள்ளை நத்தை ஓடு கிடந்தது,
வேணுமெண்டால் அதைப் படமெடுத்து அனுப்பிறன்.

வியாழன் அத்திவாரம் வெட்டினவை.
மூண்டு பக்கமும் ரெண்டடியிலையே கிறவல்,
அலவாங்கு துள்ளித் துள்ளி வருது.
கிழக்கு மூலையிலை மட்டும்
பாணுக்குள்ளை கத்தி இறங்கின மாதிரி.
மூண்டடி. நாலடி.
டிலக்சன் நெஞ்சளவு இறங்கியும்
இன்னும் இளகல்.
"ஆரோ வெட்டி மூடின இடம்" எண்டார் மேசன்.
நான் தேத்தண்ணி ஊத்தப் போனன்.
சீனி போட்டனோ எண்டு எனக்கே தெரியேல்லை.

பிறகு அலவாங்கு மரத்திலை முட்டின சத்தம்.
பனங்குத்தி ஒண்டு, உக்கேல்லை, கறுத்து.
நுனியிலை கோடாலி வெட்டு
மற்றப் பக்கமாச் சரிஞ்சு கிடக்கு.
இந்த வீட்டிலை இடக்கைக்காரன்
நீ ஒராள்தான்.

கணக்குக் கொப்பியிலை எழுதினது இவ்வளவும்தான்:
மண் இளகல். கருங்கல் மேலதிகம் ரெண்டு லோட்.
சீமெந்து பதினாலு பை.
"ஏன் இவ்வளவு கூட?" எண்டு உடனை கேட்டாய்.
குழியையும் குத்தியையும் படமெடுத்து அனுப்பினன்,
டிலக்சன்ரை தொப்பியும் அதுக்குள்ளை.
நீலச் சரி ரெண்டும் விழுந்தது.
அண்டைக்கு முழுக்க நீ ஒண்டும் எழுதேல்லை.

அடுத்தநாள் ஒரு குரல் பதிவு.
முதல் ஒரு பொம்பிளை உன்ரை ஊர்ப் பாசையிலை
அடுத்த தரிப்பிடத்தின்ரை பேர் சொல்லுறாள்.
பஸ் கதவு மூடுது.
பிறகு நீ, மெல்ல:
"அஞ்சு படி வைச்சனான். கிடக்கோ?"

இறங்கித் தடவிப் பாத்தன் அண்ணா.
மண்ணிலை வெட்டின படி
மண்ணோடை போட்டுது.

குத்தியை எறியிறதோ எண்டு டிலக்சன் கேட்டான்.
மேசன் தட்டிப் பாத்தார், காதை வைச்சுப் பாத்தார்.
லிண்டல் தட்டுக்கு ஒரு முட்டுக் குறையுதாம்.
இப்ப அது உன்ரை யன்னலுக்கு மேலை
ஈரக் கொங்கிறீற்றைத் தாங்கிக்கொண்டு நிக்குது.
இருவத்தொரு நாளைக்குத் தொடக்கூடாது.

இந்தப் படத்திலை ஆகாயம்தான் கூரை.
மழை பிடிச்சதோடை மேசன்
தருமபுரத்திலை வேறை வேலைக்குப் போட்டார்.
அறைக்குள்ளை கணுக்கால் தண்ணி.
பக்கத்து வீட்டுக் கமலறஞ்சியின்ரை வாத்துகள்
வாசலாலை வந்து யன்னலாலை போகுதுகள்.
கிழக்கு மூலை தாழேல்லை.
ஈர்க்கு வைச்சு அளந்து பாத்தனான்,
விடியவும் பின்னேரமும்.

நீ சொன்ன வெளிர்நீலக் கொமட்
புதுக்குடியிருப்பிலை இல்லை. வெள்ளைதான்.
முழங்கால் மடக்கேலாத உனக்கு
நிறம் என்னத்துக்கு?

இன்னொண்டு.
கட்டில் எந்த மூலையிலை எண்டு
யதுசா கேக்கிறாள். பிளக் பொயின்ற்
அதைப் பாத்துத்தான் வைக்கவேணுமாம்.
ரெண்டு தரம் ஒற்றையிலை கீறி
ரெண்டு தரமும் அழிச்சுப்போட்டாள்.
நீ சொல்லு.
அவசரமில்லை,
மேசன் திங்கள்தான் வாறாராம்.