கரிசனை

கல்முனையில் மூன்று நாளாய்க் கச்சான் காற்று.
யன்னலைச் சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் கொழும்புச் சுற்றறிக்கை பறக்கிறது.

ஒன்றரைப் பக்கம்தான்.
கர்ப்பிணிக்கு இனி மாதம் ஒரு பொதி திரிபோஷா.
வளர்ச்சி அட்டையில் செம்மஞ்சளில் நிற்கிற பிள்ளைக்கு இல்லை,
சிவப்புக்கு இறங்கினால் மட்டும்.
உணவு முத்திரை, மறு அறிவித்தல் வரை நிறுத்தம்.
நடமாடும் கிளினிக்கின் டீசல், பாதி.

மாகாணம் மறுப்பு எழுதச் சொல்லியிருந்தது.
எழுதுகிறவன் நான்,
இலிகிதர், தரம் இரண்டு.
"இக்குறைப்பை எதிர்க்கிறோம்" என்று தட்டினேன்.
பணிப்பாளர் பச்சைப் பேனையால் வெட்டினார்.
"கரிசனை கொள்கிறோம் எண்டு போடுங்க தம்பி.
எதிர்க்கிறது மேடையில நிக்கிறாக்கள்ற வேலை."

இரண்டாம் வரைவு கரிசனை கொண்டது.
மூன்றாம் வரைவு தயவாய் வேண்டிக்கொண்டது.
நான்காவதில் நாங்கள்
நன்றி சொல்லித் தொடங்கியிருந்தோம்.
முதல் வரைவை எட்டாய் மடித்து
ஆடுகிற யன்னலுக்கு முட்டுக்கொடுத்தேன்.

மத்தியானத்துக்குக் கிட்ட
மருத்துவமாது மர்சூக்கா வந்தா,
ஸ்கூட்டிச் சில்லெல்லாம் செம்மண்.
கஞ்சிகுடிச்சாறு கிளினிக் முடித்து வந்த முகம்.
பேரிலேயே கஞ்சி இருக்கிற ஊர்.

"சேர், ஒரு புள்ளட தாய்,
வடிவழகி எண்டு பேர்,
தராசில புள்ளயத் தொங்கவிட்டுட்டு
என்ட காதுக்குள்ள கேக்கிறா:
மிஸ்ஸி, ஒரு இருநூறு கிராம்
குறைச்சு எழுதுவீங்களா?
ஏலாதெண்டா சொல்லுங்க,
அடுத்த மாசத்துக்குள்ள
நான் குறைச்சுக்கொண்டு வாறன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"மறுகா, எழுதினீங்களா?" என்றார் பணிப்பாளர்.
மர்சூக்கா அட்டைக் கட்டை
மேசையில் வைத்தா.
எழுதினேன் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
அவர் கட்டைப் பிரிக்கவில்லை.
பேனையின் மூடியை
மூன்று தரம் பூட்டித் திறந்தார்.

"தம்பி, அந்த முதல் வரைவு எங்க?"

உருவி எடுத்தேன்.
யன்னல் படாரென்று அடித்தது,
சுற்றறிக்கை எழும்பி
அலுமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது.
எடுக்க ஒருவரும் குனியவில்லை.
எட்டு மடிப்பும் தெரிகிற தாளில்
அவர் ஒப்பமிட்டார்.
புதிதாய் அடித்துத் தாறேன் என்றேன்.
"வேணாம், இப்படியே போகட்டும்."

பதிவுத் தபால். ரசீது பைலில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது,
மூன்று மொழியிலும், இலச்சினை போட்டு.
"தங்கள் கரிசனை கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது."

இன்றைக்கு மர்சூக்கா வரவில்லை.
கிளினிக்குக்கு டீசல் இல்லை,
பஸ்ஸில் போயிருப்பா, தராசை மடியில் வைத்துக்கொண்டு.
நான் இரண்டாம் மறுப்பைத் தட்டுகிறேன்,
முதல் வரியில் அதே சொல்.
காற்று இன்னும் விட்டபாடில்லை.
கொழும்பு அனுப்பிய பதில் நல்ல தடித்த தாள்.
நாலாய் மடித்தாலே
யன்னலுக்குக் காணும்.