ஒன்றரை சென்டிமீட்டர்

ஓமலூர் ரோட்டில் லாரிகள் ஓய
மணி இரண்டாகிவிடும்.
அதுவரைக்கும் இந்த ஒரே கணக்கு.

காலி விமானம் அறுநூற்று எண்பது கிலோ.
முன்னால் விமானி மட்டும், ஐம்பத்து நான்கு.
பின்னால் இருவர், ஆளுக்கு எண்பத்தைந்து.
பெட்ரோல் அறுபது, பெட்டிகள் நாற்பத்தைந்து.
கூட்டினால் ஆயிரத்து ஒன்பது.
அனுமதித்த எடைக்கு
இன்னும் எண்பது கிலோ பாக்கி.

அத்தோடு விடுவதில்லை.
ஒவ்வொரு எடையையும்
அது உட்கார்ந்திருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும்.
தூரம், எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகரச் சுவரிலிருந்து.
ஏன் சார் அங்கிருந்து?
எங்கிருந்தாவது அளக்கணுமே, என்றார் சிரில் சார்,
சேலம் எத்தனை கிலோமீட்டர்னு போர்டு இருந்தா
எந்தச் சேலம்னா கேப்பே?
கேட்பேன்.
ஐந்து ரோடா, பழைய பஸ் ஸ்டாண்டா?

பெருக்கி வருவதற்கு மொமெண்ட் என்று பெயர்.
தமிழில் படித்தபோது திருப்புத்திறன்.
நோட்டு ஓரத்தில் குறும்பாகக் 'கணம்' என்று எழுதிவைத்தேன்,
அவசரத்தில் சில இடத்தில் 'கனம்'.
மூன்று சுழி, இரண்டு சுழி.
எது வந்தாலும் கணக்குக்குப் பொருந்தித் தொலைத்தது.

விடை ஒன்று புள்ளி இரண்டு ஒன்று ஆறு.
பின் எல்லை ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம்,
கட்டைவிரல் அகலம்கூட இல்லை.
எங்கேயோ பிசகு.
அழித்தேன். மறுபடி போட்டேன்.
ஷகீனா தூக்கத்திலேயே நீட்டிய
அவளுடைய கால்குலேட்டரிலும் அதே ஆறு.
கரண்ட் போனது.
போன் வெளிச்சத்திலும் அதே ஆறு.

நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ,
குப்புராஜின் ஜீப் ஞாபகம் வந்தது.

நாகலூரில் கல்யாணம்.
ஜீப்பின் பின்பக்கம் அரிசி மூட்டை, சிலிண்டர்,
அண்டா, அண்டா நிறையத் தேங்காய்,
இடுக்கில் நாங்கள் ஐந்து பேர்.
முன் சீட்டில், நசுங்கக் கூடாதென்று,
பூக்கூடை மட்டும் ராணி மாதிரி.
பதினாலாவது வளைவில் வண்டி நின்றது.
"லோடு கம்மிதாங்க.
ஸ்டியரிங்குதான் கைக்கு வரல,
முன் சக்கரம் தரையத் தொடறாப்லயே இல்ல.
யாராச்சும் முன்னால வாங்க."

டிரைவர் பக்கத்தில் உட்காரப் பெரியம்மாவுக்குக் கூச்சம்.
மாமாக்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை,
யார் இறங்கினாலும் மற்றவர் ஜெயித்த மாதிரி.
குரங்குகள் தேங்காயைப் பார்க்க ஆரம்பித்ததும்
பெரிய மாமா இறங்கினார்.
பூக்கூடை பெரியம்மாவின் மடிக்கு வந்தது.
ஒரு தேங்காயைக்கூடக் கீழே வைக்கவில்லை.
பதினைந்தாவது வளைவில்
ஜீப் சொன்ன பேச்சைக் கேட்டது.

கணக்கு சரி.
விமானம்தான் தப்பு.

அந்த விமானத்தை ஓட்டியிருந்தால்
வால் தாழும், மூக்கு தூக்கும்,
தூக்கிய மூக்கை இறக்க
வளைவோரத்து மைல்கல் எதுவும் மேலே இல்லை.

பின்னால் இருந்த எண்பத்தைந்தில் ஒருவரை
முன்னால் வரச் சொன்னேன்.
கேள்வித்தாளிலேயே பிறந்தவர்,
யாரோடும் பகையில்லாதவர், உடனே வந்தார்.
ஒன்று புள்ளி ஒன்று மூன்று ஒன்பது.
எடை அதே ஆயிரத்து ஒன்பது.
வரைபடக் கட்டத்துக்குள் புள்ளி வைத்தேன்,
பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு.

அப்போதுதான் உறுத்தியது,
அந்த ஐம்பத்து நான்கு.
சேர்ந்த அன்று என் படிவத்திலும் அதே எண்.
இடையில் எத்தனை ராத்திரி புரோட்டா.

காலையில் கமலாபுரம் போகிற வழியில்
பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறினேன்.
"கிலோ இருபத்தெட்டுதான் தருவேன்" என்றார் கடைக்காரர்.
ஐம்பத்தெட்டு.

எட்டு மணிக்கு லோட் ஷீட் வந்தது.
முதல் வரியில் மகுடேஸ்வரி, பக்கத்தில் பழைய பொய்.
அடித்துத் திருத்தினேன்.
பெருக்கப் போனவள் நின்றேன்:
பெடல் எட்டாமல் நான்
சீட்டை எவ்வளவு முன்னால் இழுப்பேன்?