எட்டாவது குடுவை

செவ்வாய் இரவு, பர்ஸ்லெம்.
சூளைக் கதவில் இன்னும் சூடு.
உள்ளே குனிந்து பார்த்த பெவர்லி
"அடடா" என்றாள். அவ்வளவுதான்.

என் தேநீர்க் குடுவையின் பச்சை மெருகு
மூக்கு நுனியிலிருந்து இறங்கி
அவளுடைய கிண்ணத்தின் விளிம்பில் உறைந்திருந்தது.
இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க முடிந்தது.

மூன்று முறை பூசியிருந்தேன்.
இரண்டு போதும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.
பகலெல்லாம் மருந்துக் கடையில்
'உணவுக்குப் பின், இரண்டு வேளை மட்டும்'
ஒட்டிக் கொடுப்பவன் நான்.

உளியை வைத்து அவளே தட்டினாள்.
உடைந்தது என் மூக்குதான்.
கிண்ணத்தோடு போய்விட்டது அது.
"சாவி மாட்டலாம்" என்று
செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனாள்.

பேருந்தில், ஹேன்லி தாண்டும்போது உறைத்தது.
ஏழு குடுவைகள்.
ஒன்றுக்கு மூடி உள்ளே விழும்.
மற்றவை எல்லாம்
கோப்பையில் பாதி, மேசைவிரிப்பில் பாதி.
இது ஒன்றுதான்
தாடை நனையாமல், நேராக,
ஒரே சொட்டாக ஊற்றியிருக்கிறது,
தேநீரை அல்ல என்றாலும்.

அன்று பஞ்சு கிடைக்கவில்லை.
மற்ற மூக்குகளையெல்லாம் ஈரப் பஞ்சால் தடவித் தடவி
குழந்தை உதடுபோல் மழுக்கியிருந்தேன்.
இதை மட்டும் கம்பி அறுத்த கூர்மையோடு
அப்படியே விட்டுவிட்டேன்.

நோட்டில் எழுதினேன்:
மெருகு இரண்டு முறை.
அடுத்தவர் கிண்ணத்துக்கு ஒரு விரல் தள்ளி.
நுனியைத் தொடாதே.

பிறகு பெவர்லிக்கு:
சாவி மாட்டிவிட்டாயா?
அடுத்த செவ்வாய் அந்த மூக்கைக் கொஞ்சம்
கொண்டுவர முடியுமா,
பார்த்துவிட்டுத் தருகிறேன்.