யாரும் செய்வார்கள்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம்
குஞ்சப்பனை தாண்டும்போதே உப்பிவிட்டது.
தங்கை மகன் அதைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான்.
எனக்குக் கோப்பு ஞாபகம்.

விடுப்பில்தான் வந்திருக்கிறேன்.
திங்கட்கிழமை கிண்டியில் உத்தரவு எழுத வேண்டும்:
தைலக் குப்பியின் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம்.
விண்ணப்பதாரர் ஹா. போஜன், கோத்தகிரி வட்டம்.
(எந்தச் சரிவில் வீடு என்று விசாரிக்கவில்லை.
விசாரிக்கக் கூடாது.)
புதியதுதான், அதில் தகராறில்லை.
எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா
என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று ஆவணம் வைத்தார்.
ஒன்றில் மூடி. ஒன்றில் வளையம்.
மூன்றாவதில், தைலம் பட்டால் ரப்பர் ஊதும் என்ற குறிப்பு.
"சேர்த்துப் பாருங்க மேடம்,
உள்ளங்கை நெல்லிக்கனி.
யாரும் செய்வாங்க."

அந்த யாரும் என்பவரை
பதினாறு வருடமாக எனக்குத் தெரியும்.
சட்டம் பெற்ற பிள்ளை.
ஜெர்மனியில் அச்சான காகிதம்வரை படித்திருப்பார்.
ஒரு கனவு கண்டதில்லை.
விரலில் பிசுக்கு ஒட்டியதில்லை.
ஒவ்வொரு கோப்புக்கும் எதிர் நாற்காலியில் வந்து உட்காருவார்.
உங்களுக்கு இது தோன்றியிருக்குமா, என்பேன்.
விடையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன்.
விடை தெரிந்த பிறகு
எந்த விடுகதை கடினம்?

டானிங்டனில் ஒரு பாட்டில் தைலம் வாங்கினேன்,
பழைய மூடி.
விடிவதற்குள் பையெல்லாம் தைலம்,
ஸ்வெட்டர், சீப்பு, கல்யாணப் பத்திரிகை.
திருகித் திறந்தால்
ரப்பர் ஊறிப் பிதுங்கி நழுவிக் கிடந்தது.
கடைக்காரர் வேறு பாட்டில் தரவில்லை.
"ரப்பருக்கும் தைலத்துக்கும் ஆகாதுங்க.
காய்ச்சுறவங்க எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும்.
அதனால்தான் யாரும் செய்யவில்லை.
போஜன் அந்தப் பகையை
ஒரு பள்ளத்துக்குள் அடைத்துவிட்டார்:
ஊது, ஆனால் போக இடமில்லை,
கண்ணாடியை நெருக்கிக்கொண்டு ஊது.
தப்பிக்க வந்த தைலமே
கதவைச் சாத்தும்.

இதை உத்தரவில் எழுத முடியாது.
என் ஸ்வெட்டர் கோப்பில் இல்லை.
கடைக்காரர் சாட்சி இல்லை.

ஆனால் மூன்றாம் ஆவணத்தை மறுபடி திறந்தேன்.
பக்கம் நான்கு, கடைசி வரி:
ரப்பரைத் தவிர்க்கவும்.
வக்கீல் அந்த வரியை வேகமாகக் கடந்தார்.
நானும்தான், இரண்டு முறை.

திங்கட்கிழமை துவைத்தும் போகாத வாடையோடு போவேன்.
யாரும் வந்து உட்காருவார்.
அவருக்கு மூக்கு உண்டா என்று
பிரிவில் தேடினேன்.
சொல்லவில்லை.