பிறகு நினைவூட்டு

திரையின் வலது மூலையில்
தினமும் காலை பத்தரைக்கு
ஒரு மஞ்சள் பெட்டி எழும்பும்:
உங்கள் பாதுகாப்பு காலாவதியாகி
நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள்.
கீழே இரண்டு பொத்தான்.
புதுப்பி என்றால் பணம் கேட்கும்,
பணம் கோப்பைக் கேட்கும்,
கோப்பு சென்னையில் ஒரு கையெழுத்தைக் கேட்கும்.
நான் மற்றதை அழுத்துவேன்.
ஒப்பந்தப் பணி, ஆறாவது வருடம்.

தர்மபுரி, படைவீரர் நல அலுவலகம்.
எங்கள் பக்கத்தின் கடவுச்சொல்
ஊர்ப்பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.
மறந்துவிடக் கூடாதென்று தீர்த்தகிரி சார்
தினசரிக் காலண்டர் அட்டையில்
சிவப்பு மையில் எழுதியிருந்தார்.
ஓய்வூதியம் கேட்டு வந்தவர்கள் எல்லாம்
அதற்குக் கீழேதான் உட்கார்ந்து
விசிறிக்கொண்டு போனார்கள்.
ஒருவரும் எடுக்கவில்லை.

ஞாயிறு இரவு எடுத்தார்கள்.
எந்தத் தேசத்துக் கோபமோ.
கொடிநாள் உண்டியலோடு சிரித்த பிள்ளைகள் போய்
துணி சுற்றிய ஒரு முகம்.
எங்களுக்குப் படிக்க வராத எழுத்தில் ஒரு வரி.
அதன் கீழே, தமிழில், அறுபத்து மூன்று பேர்:
படைப்பிரிவு, மனைவி பெயர், கதவு எண்.
பிழையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
பாப்பிரெட்டிப்பட்டியில்
ஒரு ப் விட்டவள் நான்.
அது நான் அடித்த பட்டியல்.

பக்கத்தை மீட்க ஆறு இலக்கம் வேண்டும்.
அது வந்து சேரும் கைபேசி எண்
எப்போதோ மாற்றலாகிப் போன அதிகாரியுடையது.
இப்போது பாலக்கோட்டில்
தக்காளி மண்டிக்காரர் ஒருவரிடம் இருக்கிறது.
அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க, என்றேன்.
யாரு கேட்டாலும் சொல்லாதேன்னு
பேங்க்குல சொல்லியிருக்காங்க, என்று வைத்துவிட்டார்.
அன்றைக்கு மாவட்டத்தில்
சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள்.

மூன்று நாள் அந்த முகம் அப்படியே இருந்தது.
சென்னை டெல்லிக்கு எழுதியது.
டெல்லி, அது உங்கள் பக்கம் என்றது.

கம்பைநல்லூரிலிருந்து சித்ரகலா கூப்பிட்டாள்.
ஹவில்தார் மாதப்பன் மனைவி.
அழவில்லை. திட்டவும் இல்லை.
கதவு நம்பரைச் சுரண்டிட்டேன் மேடம், என்றாள்,
கரண்டியால.
பாதி போச்சு, நாலு மட்டும் போகல.
அவருகிட்ட சொல்லலாமா?
அங்க அவருக்கு டவர் கெடைக்கிறதே
வாரத்துக்கு ஒரு வாட்டி.
நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
மேலிடத்துக்குத் தெரிவித்திருக்கிறோம்
என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்று பேருந்துக்கு நிற்கையில்
நிழற்குடைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும்
நடுகல்லைப் பார்த்தேன்.
ஆறு வருடமாக
டிபன் பையை அதன்மேல்தான் வைக்கிறேன்.
தொறு மீட்டுப் பட்டான், அதுவரை படிக்கலாம்.
யார் மகன், எந்த ஊர், எல்லாம் மழை தின்றுவிட்டது.
மாடு ஓட்டிப் போனவர்கள்
குளம்படியாவது விட்டுப் போயிருப்பார்கள்.
இவன் எழுந்து ஓட
ஒரு திசை இருந்திருக்கும்.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பக்கம் திரும்பி வந்தது.
புதிய கடவுச்சொல்லில்
பெரிய எழுத்து உண்டு, ஆச்சரியக்குறி உண்டு.
தீர்த்தகிரி சார் இம்முறை காலண்டரில் எழுதவில்லை.
விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை:
பாதிக்கப்பட்டோர் முழு விவரம்,
குடும்பத்தார் பெயர், முகவரியுடன்,
மாலை ஐந்துக்குள்
மின்னஞ்சலில் அனுப்பவும். மிக அவசரம்.

அடிக்கிறேன்.
பாப்பிரெட்டிப்பட்டிக்கு இந்தத் தடவை ப் போடுகிறேன்.
முப்பத்தெட்டாவது வரிசை, கம்பைநல்லூர்.
கதவு எண் கட்டத்தில்
கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்கிறது.
நாலு என்று மட்டும் அடித்துவிட்டு
நிறுத்துகிறேன்.

மூலையில் மஞ்சள் பெட்டி.
நானூற்றுப் பதினேழு நாட்கள்.